குழாய்க்கு இறுதி ஊர்வலம்

ஸ்லாத்தாவின் தலையில் சாயம் பூசி முடித்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. முதலில் ஒரு இருமல், பிறகு இரண்டு சொட்டுத் துருத் தண்ணீர், அதன் பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். வெரிட்சா குழாயைத் திருகினாள், தட்டினாள், தன் கடையில் பெண்கள் மட்டும்தான் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் நன்றாகத் திட்டவும் செய்தாள். குழாய் அசையவில்லை.

"என்னம்மா சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள் ஸ்லாத்தா, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லக்கா. தண்ணி நின்னுடுச்சு."

"ஒண்ணுமில்லையா? மூணு மணிக்கு என் தங்கச்சி மகன் கல்யாணம்டீ! தலை எரிய ஆரம்பிச்சிடுச்சு!"

வெரிட்சாவின் கணவன் மிலுட்டின் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் சோடாத் தண்ணீர்ப் பாட்டில்களை ஒரு பெட்டி நிறையத் தூக்கிக்கொண்டு வந்தான். சாதாரணத் தண்ணீர்ப் பாட்டில்களை மேல்தெருக்காரர்கள் காலையிலேயே வாங்கித் தீர்த்துவிட்டார்கள். ஸ்லாத்தாவின் தலையில் சோடா பொங்கியது. அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு துவட்டிப் பார்த்ததும் இரண்டையும் நிறுத்திவிட்டாள். பொன்னிறம் கேட்டிருந்தாள், வந்தது காரட் நிறம். தலையில் பட்டுத்துணி கட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "உன்மேல கோவமில்ல. இந்த ஊர்மேலதான் கோவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரின் பெயர் ஸ்லாடோவோ. இனிப்பான இடம் என்று அர்த்தம் வரும். பெயர் வைத்தவன் இந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்க மாட்டான். கீழ்த்தெருவில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும், துரு வாடையோடு. மேட்டில் இருக்கும் மேல்தெருவிலோ, வெரிட்சாவின் கடையும் அங்கேதான், ஆகஸ்ட் மாதத்தில் நண்பகலோடு வறண்டுவிடும். இரண்டு தெருவுக்கும் ஒரே குழாய்தான். அந்தக் காலத்தில் இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்து மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு போட்ட குழாய். பாடியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குழாய்தான் போகாமல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

பாட்டில்களை ஓரம்கட்டிக்கொண்டே மிலுட்டின் சொன்னான்: "லின்ஸ்ல குழாயைத் திறந்தா தண்ணி வருது. அந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்."

அவன் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறான். ஆகஸ்ட் மாதம் மட்டும் வீட்டுக்கு வருவான், ஊரின் பாதி ஆண்களைப்போல. லின்ஸில் இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தான். அங்கே ஒரு சலூனில் வெரிட்சாவுக்கு வேலையும் விசாரித்திருந்தான். தலை அலசும் வேலை.

"சொந்தக் கடை வெச்சிருக்கறவ, இன்னொருத்தி கடையில போயி தலை கழுவணுமா?" என்றாள் அவள்.

"அங்க கழுவறதுக்காவது தண்ணி இருக்கு. நாம பேசினது பேசினதுதானே?"

பேசினது பேசினதுதான். ஊர்ப்பங்கு ஓட்டு இந்தத் தடவையும் தோற்றால் கோடை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு அவனோடு போவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மிலுட்டின் கெட்டவன் இல்லை. வருடத்தில் பதினொரு மாதம் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவன் களைத்துவிட்டான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் இந்தக் கடை அவளுடைய உயிர். இதன் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்து அழாத பெண் இந்த ஊரில் இல்லை, சிரிக்காத பெண்ணும் இல்லை.

ஊர்ப்பங்கு என்பது இதுதான்: புதுக் கிணறும் புதுக் குழாயும் போட ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் தரும். மீதியை ஊர் போட வேண்டும். சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் நான்கு வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொள்வார்கள். அதற்கு ஊரே ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் அதில் ஒரு பொடியும் வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் சரி என்றால் போதாது. வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லாரிலும் பாதிக்கு மேல் சரி என்று சொல்ல வேண்டும். வீட்டில் படுத்துத் தூங்குகிறவனும் எதிர்ப்பு ஓட்டுப் போட்டதாகத்தான் கணக்கு.

இதற்கு முன்பு இரண்டு தடவை ஓட்டு நடந்து இரண்டு தடவையும் தோற்றது. ஒரு தடவை மழை பெய்தது. இன்னொரு தடவை கால்பந்தாட்டம் இருந்தது. அரசாங்கப் பணம் இந்த வருடத்தோடு வேறு ஊருக்குப் போய்விடும். அதனால்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும் ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வெரிட்சா தேதி வாங்கியிருந்தாள். ஊர்க்குழுவுக்கு அவள் தலைவி. விரும்பிப் போன பதவி இல்லை. கூட்டத்தின் நடுவே யாருக்கோ சாயம் அலச எழுந்து போயிருந்தாள், திரும்பி வருவதற்குள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளிக்கூடத்தில் விளக்கக் கூட்டம் போட்டாள். வரைபடம் மாட்டினாள், நாற்காலி போட்டாள், பிஸ்கட் வைத்தாள். வந்தவர்கள் ஸ்லாத்தாவும், தலையில் அதே பட்டுத்துணியும், காது கேட்காத ஒரு ஆசிரியரும். கூட்டம் முழுக்க எதிரே இருந்த மதுக்கடையில் உட்கார்ந்திருந்தது. அதன் முதலாளி திஹோமிர் கீழ்த்தெருக்காரர். கீழ்த்தெருவில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அந்தப் பெயருக்கு அமைதியானவன் என்று பொருள். அவர் பேசினால் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்.

"ஏம்மா வெரிட்சா," என்று மதுக்கடை வாசலிலிருந்தே கத்தினார், "எங்க தெருவுல தண்ணி வருது! மேட்டுல வீடு கட்டச் சொல்லி நாங்களா சொன்னோம்? உங்க தாகத்துக்கு எங்க சம்பளமா?"

"உங்க தண்ணி துருவா வருதே அண்ணே!"

"இரும்புச்சத்தும்மா! உடம்புக்கு நல்லது!"

மதுக்கடை குலுங்கிச் சிரித்தது. வெரிட்சா பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் கடைத்தெரு மின்கம்பத்தின் அருகே அவள் சும்மா நின்றாள். போன வாரம் அவள் ஒட்டிய ஊர்ப்பங்கு அறிவிப்பின்மேல் ஒரு சாவு அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, முட்டை வடிவத்தில் ஒரு படம், கீழே துயரத்தில் ஆழ்ந்திருப்போர் பெயர் வரிசை. இந்த ஊரில் யார் செத்தாலும் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் இது வந்துவிடும். இப்போது அந்தக் கம்பத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வாங்க வந்தவன், பேருந்தைத் தவறவிட்டவன், கண்ணாடியை மறந்து வந்து பக்கத்தில் நிற்பவனைப் படிக்கச் சொன்னவன். செத்தவர் இருபது வருடத்துக்கு முன்னால் நகரத்துக்குக் குடிபோன யாரோ ஒருவர். ஆனாலும் எல்லாரும் அடக்கத்துக்குப் போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் போவார்கள். இந்த ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் மன்னிப்பார்கள், சாவுக்குப் போகாமல் இருந்தால் பேரன் காலத்திலும் சொல்லிக்காட்டுவார்கள்.

"என் அறிவிப்பை ஒருத்தனும் படிக்கல," என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு யோசனையும் வந்தது. அவள் நேராக ஷிவோத்தாவின் கடைக்கு நடந்தாள்.

ஷிவோத்தா சவப்பெட்டி விற்பவன், மலர்வளையம் கட்டுபவன், சாவு அறிவிப்பு அச்சடிப்பவன். அவன் பெயருக்கு உயிர் என்று அர்த்தம். அவனிடம் அதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் செத்தவர்கள் மட்டும்தான்.

"யாரு போயிட்டாங்க?" என்று அவன் பரிவாகக் கேட்டான்.

"குழாய்."

"யாரு குழாய்?"

"நம்ம ஊர்த் தண்ணிக் குழாய்தான் ஷிவோத்தா. சனிக்கிழமை நண்பகல்ல என் கண்ணு முன்னாடியே உயிரை விட்டுச்சு. அறிவிப்பு அடிச்சுக் கொடு. படம்கூடக் கொண்டு வந்திருக்கேன், நீரேற்று நிலையம்."

ஷிவோத்தா எழுந்து நின்றுவிட்டான். "மனுஷங்களுக்கு மட்டும்தான் அடிப்பேன். ஒருத்தர் தன்னோட நாய்க்குக் கேட்டாரு, முடியாதுன்னுட்டேன்."

"அந்த நாயி உன் வீட்டுக்குத் தண்ணி கொடுத்துச்சா?"

அவனும் மேல்தெருக்காரன்தான்.

"நீ வாரத்துக்கு நாலு தடவை கல்லறைக்குப் போற. அங்கிருந்து வந்தா கை கழுவாம வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. நேத்து எதுல கழுவின?"

"வீட்டுல காய்ச்சின ரக்கியாவுல."

"உன் பொண்டாட்டி என்ன சொன்னா?"

"கையில ஊத்தினது கொஞ்சம், வாயில ஊத்தினது நெறையன்னு சொன்னா," என்று அவன் சோகமாகச் சொல்லிவிட்டு, கணினியின் முன் உட்கார்ந்தான். "சரி, சொல்லு. இறந்தவர் பேரு?"

அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். இடையிடையே, "நீண்டகாலம் நோய்வாய்ப்பட்டுன்னு போட்டா நல்லா இருக்கும்" என்று தொழில் தெரிந்தவனாகத் திருத்தவும் செய்தான். அவனுக்குப் பெரிய எழுத்துகள்மேல் ஒரு மோகம். படமும் பெரிதாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் ஊர் எழுந்தபோது எல்லாக் கம்பத்திலும் இது இருந்தது:

*எங்கள் அருமைத் தண்ணீர்க் குழாய், நீண்டகாலம் நோய்வாய்ப்பட்டுப் பல இடங்களில் வெடித்தும் தன் கடமையைச் செய்து, சென்ற சனிக்கிழமை மேல்தெருவில் உயிர்நீத்தது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இறுதி ஊர்வலம் ஞாயிறு காலை பத்து மணிக்கு நீரேற்று நிலையத்திலிருந்து புறப்பட்டு, வாக்குப்பெட்டி வைத்திருக்கும் பள்ளிக்கூடத்தில் முடிவடையும். துயரத்தில் ஆழ்ந்திருப்போர்:*

அதன் கீழே பெயர்கள். மேல்தெருவின் ஒவ்வொரு குடும்பமும் இருந்தது. வெரிட்சா, மிலுட்டின் என்று அவளும் அவள் கணவனும் முதல் வரியிலேயே இருந்தார்கள்.

கம்பங்களைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சிரிப்புச் சத்தம் கடைக்குள் வரைக்கும் கேட்டது. பாதிரியார் கம்பத்தின் அருகே வந்து, படித்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். வாக்குப்பதிவை மேற்பார்வையிட நகராட்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி ஷிவோத்தாவைக் கூப்பிட்டு, "இது பிரச்சாரமா?" என்று கேட்டார். "இல்லைங்க, சாவு" என்றான் அவன். அதிகாரிக்கு மேற்கொண்டு கேட்கத் தெரியவில்லை.

வெரிட்சாவுக்கு அன்று மாலைவரை கால் தரையில் படவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் திஹோமிர் வந்தார்.

மிலுட்டினைத் தவிர ஆண்கள் யாரும் அந்தக் கடைக்குள் நுழைவதில்லை. மூன்று நாற்காலியிலும் பெண்கள் இருந்தார்கள், இரண்டு பேர் தலை முழுக்க வெள்ளித்தாளோடு. காரட் நிறத்தைச் சரிசெய்ய ஸ்லாத்தாவும் வந்திருந்தாள். திஹோமிர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்து கைப்பேசியை வெரிட்சாவின் மூக்கருகே நீட்டினார். சாவு அறிவிப்பைக் கிழிப்பது பாவம் என்பதால் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன அசிங்கம் இது?"

வெரிட்சாவுக்கு முகம் வெளுத்தது. சாவை விளையாட்டாக்கியது தப்புதான், கீழ்த்தெரு முழுக்க இனி வீட்டைவிட்டு வெளியே வரப் போவதில்லை, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு வேடிக்கைக்காகத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"வேடிக்கையா? என் பேரு எங்க?"

"என்னண்ணே?"

"என் பேரு! கீழ்த்தெருவுல ஒருத்தன் பேருகூட இல்லையே! அந்த வாய்க்கால வெட்டினது யாரு? எங்கப்பா! அவரோட தம்பிங்க ரெண்டு பேரு! நேத்து வந்து மேட்டுல வீடு கட்டினவங்க எல்லாம் துக்கப்படறாங்களாம், எங்களுக்குத் துக்கம் இல்லையாம்! எங்க வீட்டுச் சாவுல எங்க பேரையே விட்டுட்டியேம்மா!"

அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. வெரிட்சா அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். கீழ்த்தெருக் குடும்பங்கள் எல்லாரையும் அவள் வரிசையாகச் சொல்லியிருந்தாள், ஷிவோத்தா தட்டியதையும் பார்த்திருந்தாள். அந்தப் புண்ணியவானின் பெரிய எழுத்தும் பெரிய படமும் தாளைத் தின்றுவிட, மிச்சத்தை வெட்டிவிட்டிருக்கிறான். சாவு அறிவிப்பில் ஒரு பெயரை விட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தம்பிகள் வேலி போட்டுப் பிரிந்திருக்கிறார்கள், சம்பந்திகள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவளுக்கு வேறு யோசனை வந்தது. பிறகு சீப்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பேரைப் போட்டா சாவு வீட்டுக்காரங்க ஆயிடுவோம். சாவு வீட்டுக்காரங்கதானே செலவு பண்ணணும்? பெட்டிக்கு, சாப்பாட்டுக்கு, எல்லாத்துக்கும். துக்கத்துல பங்கு கேட்டா செலவுலயும் பங்கு வருமே."

"ஏன், கொடுக்க மாட்டோமா? யாரு கொடுக்க மாட்டேன்னு சொன்னது?"

"நீங்கதான்," என்றாள் ஸ்லாத்தா நாற்காலியிலிருந்து. "செவ்வாய்க்கிழமை. ஊருக்கே கேட்டுச்சு."

திஹோமிர் திரும்பிப் பார்த்தார். வெள்ளித்தாள் சுற்றிய தலைகள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் அரைமணி நேரத்தில் இந்தத் தலைகள் ஊரெங்கும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"அது..." என்றார். "அது குழாய் உயிரோட இருந்தப்போ சொன்னது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்கு ஸ்லாத்தா பட்டுத்துணியை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திஹோமிர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்கப்பன் வெட்டின குழியை நானே மூடறேன். செலவுல யாருக்கும் பின்னாடி நிக்க மாட்டேன். எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நேராக ஷிவோத்தாவின் கடைக்குப் போய், தன் கணக்கில் தனி அறிவிப்பு அடிக்கச் சொன்னார். அவருடைய அப்பாவின் பெயர், சித்தப்பாக்களின் பெயர், கீழ்த்தெருவின் ஒவ்வொரு வீடு. எழுத்து மேல்தெரு அறிவிப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நின்று பார்த்து வாங்கினாராம்.

அன்று மதியம் முதல் ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. தன் பெயர் கடைசியில் வந்துவிட்டது என்று ஒருவர் தனியாக அடித்தார். பள்ளிக்கூட ஆசிரியர்கள் தனியாக, கால்பந்துக் குழு தனியாக, தீயணைப்புப் படை தனியாக. கீழ்த்தெருவுக்கு மாப்பிள்ளையாக வந்த ஒருவன் "அன்பு மருமகன்" என்று போட்டுக்கொண்டான். ஊருக்கு வராத இரண்டு பேர் வியன்னாவிலிருந்து போன் செய்து தங்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். துக்கப்பட வேண்டுமானால் நேரில் வர வேண்டும் என்று அவர்கள் அம்மாக்களே பதில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மாலைக்குள் கம்பங்களில் இடம் தீர்ந்து, மரங்களில் இடம் தீர்ந்து, ஷிவோத்தாவிடம் கறுப்பு மையும் தீர்ந்தது. கடைசி நான்கு குடும்பங்கள் ஊதா நிறத்தில் துக்கப்பட்டன.

மிலுட்டின் மட்டும் இதில் சேரவில்லை. சனிக்கிழமை முற்றத்தில் காரின் பின்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அவனுக்கு வேலை. ஞாயிறு விடிகாலையில் கிளம்பினால்தான் எல்லையில் வரிசையில் நிற்காமல் போகலாம்.

"என் பேரைக் கேக்காமயே போட்டிருக்க," என்றான்.

"நீ என் புருஷன். கேக்கணுமா?"

"என் சம்பளம் லின்ஸ்ல. இங்க யாரும் என்கிட்ட ரெண்டு பர்சன்ட் பிடிக்க முடியாது. நான் ஓட்டுப் போட்டா, நாளைக்கு நீ இங்கயே இருந்துடுவ. நான் அங்க தனியா இருப்பேன். எனக்கு எதிரா நானே ஓட்டுப் போடச் சொல்றியா?"

வெரிட்சாவுக்குக் கெஞ்ச வராது. "போடுன்னு சொல்லல. போடாதேன்னும் சொல்லல. குடுத்த வாக்கை நான் மீற மாட்டேன், மிலுட்டின். தோத்தா உன்கிட்ட வந்துடுவேன்" என்றாள்.

ஞாயிறு காலையில் அவள் எழுந்தபோது முற்றத்தில் கார் இல்லை. அடுப்படி மேசையில் அவன் குடித்த காபிக் கோப்பை இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் போனான் என்பதில் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைப் பாட்டில் தண்ணீரில் கழுவிக்கொண்டு, கறுப்பு உடை போட்டுக்கொண்டு நீரேற்று நிலையத்துக்கு நடந்தாள்.

வளைவில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. சாலை முழுக்கக் கறுப்பு உடை. மேல்தெரு, கீழ்த்தெரு, ஆஸ்திரிய எண் பலகையோடு ஆகஸ்ட் கார்கள், கைத்தடியோடு வந்தவர்கள், தள்ளுநாற்காலியில் வந்தவர்கள். ஸ்லாத்தா சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையைத் தட்டில் ஏந்தி நின்றாள், சாவு வீட்டில் கொடுப்பதுபோலவே. முதல்நாள் வேறொரு கல்யாணத்தில் விடிய விடிய ஊதிய ஊதுகொம்புக்காரர்கள் கண் சிவக்கச் சிவக்க நின்றார்கள். நடுவில் மிலுட்டினின் கார். அதன் கூரைமேல் துருப்பிடித்த குழாய்த் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மிலுட்டினும் திஹோமிரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்பக் கனம் மாப்ளே, பார்த்து!" என்றார் திஹோமிர்.

"பதினோரு மாசம் பாரம் ஏத்தறவன்கிட்டயா சொல்றீங்க?"

அவன் நிமிர்ந்தபோது வெரிட்சாவைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "எல்லையில கூட்டம் அதிகமாம்," என்றான். "சாயங்காலம் போறேன்."

குழாயைத் தோளில் தூக்கினார்கள். முன்னால் திஹோமிர், பின்னால் மிலுட்டின், நடுவில் இரண்டு தெருவிலிருந்தும் இரண்டிரண்டு பேர். கொம்புகள் சாவுப் பண் வாசித்தன. கடைத்தெருவில் எல்லாரும் தலை குனிந்து மெதுவாக நடந்தார்கள். சிலர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் குழாயோடு யாருடைய அப்பாவோ, யாருடைய இளமையோ போய்க்கொண்டிருந்தது போலும். பாதி வழியில் ஊதுகொம்புக்காரர்களில் ஒருவன், தூக்கக் கலக்கமோ குறும்போ, துள்ளல் பாட்டுக்குத் தாவிவிட்டான். மற்றவர்களும் தாவினார்கள். பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது துக்க ஊர்வலம் முழுக்க ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது, குழாய் மட்டும் தோள்களின்மேல் ஆடாமல் இருந்தது. ஆடி முடித்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

வரிசை மதியத்திலும் குறையவில்லை. மதியத்தில் மேல்தெருவில் தண்ணீர் நின்றது. இந்தத் தடவை அந்தச் செய்தி வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மிலுட்டின் எப்போது உள்ளே போனான், எப்போது வெளியே வந்தான் என்று வெரிட்சா பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

மாலை வெயில் மரத்தலைகளில் இருக்கும்போதே பெட்டியைத் திறந்தார்கள். எண்ணும் அறையின் ஜன்னலில் ஊரே தொங்கியது. கொஞ்ச நேரத்தில் நகராட்சி அதிகாரி படிக்கட்டுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். பட்டியலில் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சரி என்று ஓட்டுப் போட்டிருப்பதாகவும், தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு வாக்குப்பதிவைப் பார்த்ததில்லை என்றும், யாராவது தனக்கு ஒரு நாற்காலி தர முடியுமா என்றும் ஒரே மூச்சில் சொன்னார்.

மீதியை யாரும் கேட்கவில்லை. தொப்பிகள் மேலே பறந்தன. ஸ்லாத்தா பட்டுத்துணியை அவிழ்த்து வீசினாள். இன்னும் மாறாத காரட் தலை ஊருக்கே தெரிந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஷிவோத்தா தீயணைப்புப் படைத் தலைவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். திஹோமிர் நாற்காலிமேல் ஏறி நின்று, "சாவு வீட்டுச் சாப்பாடு என் செலவு! மேட்டுக்காரனும் வரலாம்!" என்று அக்கரைக்குக் கேட்கக் கத்தினார். வெரிட்சாவை யாரோ தோளில் தூக்கினார்கள். அங்கிருந்து பார்த்தபோது அவளுக்கு ஊர் முழுக்கத் தெரிந்தது, மேல்தெருவும் கீழ்த்தெருவும். ஜெயித்துவிட்டோம் என்று அவள் கத்தினாள். மறுபடியும் கத்தினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் குரல் உடைந்தது.

கீழே இறங்கியதும் மிலுட்டினைத் தேடினாள். அவன் காரின் அருகே நின்று, சட்டையில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டிருந்தான். கிளம்பத் தயாராக இருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுடைய சந்தோஷத்தின் நடுவில் ஏதோ ஒன்று குத்தியது. அவள் ஜெயித்தால் அவன் தனியாகப் போக வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.

"ஓட்டுப் போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டேன்."

"எதுக்கு?"

"அதெல்லாம் ரகசியம்," என்றான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "லின்ஸ் வீட்டுக்காரம்மாகிட்ட போன் பண்ணிப் பேசிட்டேன். ரெண்டு ரூம் வேணாம், எனக்குப் பழைய ரூமே போதும்னு சொல்லிட்டேன். மிச்சமாகற காசை இந்தக் கிணத்துல போடலாம். வெளியூர்ல இருக்கறவங்ககிட்டயும் பேசறேன், சம்பளத்துல யாரும் பிடிக்காட்டியும் நாங்களே கொடுப்போம். நாலு வருஷத்துல தண்ணி வந்துடும் இல்ல?"

"வந்துடும்."

"அப்ப நானும் வந்துடறேன். இங்க பேருந்து ஓட்ட ஆள் தேவைப்படாமலா போகும்?"

வெரிட்சா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஊரே பார்க்க. பின்னால் கொம்புகள் மறுபடியும் ஆரம்பித்தன. தலைவி இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்று திஹோமிர் கத்திக்கொண்டிருந்தார்.

"போ, கூப்பிடறாங்க," என்றான் மிலுட்டின். "கடையை மட்டும் மூடிடாத."

"மூடறதாவது?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாளைக்கே இன்னொரு நாற்காலி வாங்கிப் போடப் போறேன்."